வாசலில் கிழித்த டிக்கெட்

அத்தியாயம் 5

"வலது கை!"

குமுதவல்லி மாமியின் இரண்டு விரல்கள் நல்லதம்பியின் இடது மணிக்கட்டில் பட்டென்று விழுந்தன. காபி டம்ளருக்கு நீட்டிய கையை அவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். வலது கையில் குடை இருந்தது. அதனால்தான் இடது கையை நீட்டினான். ஆனால் மாமியிடம் அந்த விளக்கம் எடுபடாது என்பது அடி விழுந்த வேகத்திலேயே தெரிந்தது.

"மன்னிச்சுக்குங்க மாமி. இந்தக் கைக்கும் காபிக்கும் பேச்சுவார்த்தை இல்லைன்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றான்.

மாமி சிரிக்கவில்லை. குடை கை மாறும் வரை காத்திருந்து டம்ளரைக் கொடுத்தாள். அந்த அடியை சகாயநாதன் கவனித்தார். அது கோபத்தில் விழுந்த அடி இல்லை. கண் பார்ப்பதற்கு முன்பே கை தானாகப் போய் அடித்துவிட்டு வந்திருந்தது. அதை மனதின் ஒரு மூலையில் போட்டு வைத்தார்.

சகாயநாதன் முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். போன வருஷம் ஓய்வு பெற்றார். போலி டிக்கெட், தேதி மாற்றிய டிக்கெட், அடுத்தவன் டிக்கெட் எதுவானாலும் அவர் விரலில் பட்டால் உண்மையைக் கக்கிவிடும் என்று திருச்சி ஜங்ஷனில் ஒரு பேச்சு உண்டு. ஓய்வுக்குப் பிறகு ஊர்க்காரர்கள் சின்னச் சின்னப் புதிர்களை அவரிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அவரும் மறுக்கவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைவிட அது தேவலை.

நல்லதம்பி சினிமாக் கொட்டகை வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றவன். இப்போது அவருக்கு உதவியாளர். அந்தப் பதவியில் அவனை நியமித்தது அவனேதான்.

"விஷயத்தைச் சொல்லுங்க மாமி" என்றார் சகாயநாதன்.

மாமி ஒரு பழைய ஆல்பத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். திறந்தால் பக்கத்துக்கு ஒன்றாகக் கிழிந்த அரை டிக்கெட்டுகள். எல்லாம் மெட்ராஸில் நடந்த கிரிக்கெட் மேட்ச்சுகளின் நுழைவுச் சீட்டு. மொத்தம் இருபத்து மூன்று. ஒவ்வொன்றின் கீழும் தேதியும் இரண்டு வரிக் குறிப்பும் இருந்தன.

"எங்காத்துக்காரருக்கு இது ஒண்ணுதான் பைத்தியம். கலெக்டர் ஆபீஸ் விட்டா ஆம், ஆத்தை விட்டா பெருமாள். மெட்ராஸ்ல மேட்ச்சுன்னா மட்டும் ராத்திரி ரயிலுக்குக் கிளம்பிடுவார். ஒரு நாள் பார்த்துட்டு மறுநாள் கார்த்தால வந்துடுவார். வந்ததும் டிக்கெட்டை என் கையிலதான் குடுப்பார். நான்தான் பசை காய்ச்சி ஒட்டுவேன். அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். எனக்குப் பந்தும் தெரியாது, மட்டையும் தெரியாது."

"இப்ப அவர்..."

"தை மாசம் போயிட்டார். ஆறு மாசமாச்சு. பிள்ளை குட்டி இல்லாத ஆம். மச்சினர் பிள்ளைதான் காரியம் பண்ணினான்."

கடைசி வாக்கியத்தை மாமி தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். மலைக்கோட்டைக் கடைவீதியில் பழைய நாணயமும் தபால்தலையும் விற்கும் முஜிபுர் ரஹ்மான் எழுதியது. 'தங்கள் வீட்டில் உள்ள மேட்ச் டிக்கெட் ஆல்பத்தை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்க ஒருவர் விரும்புகிறார்' என்று மூன்றே வரி.

"ஐந்நூறா! கிழிஞ்ச டிக்கெட்டுக்கா? நான் முழு டிக்கெட்டையே ஒண்ணே கால் ரூபாய்க்குத்தான் வித்திருக்கேன்" என்றான் நல்லதம்பி.

"அது போகட்டும். இந்த ஆல்பம் இருக்கறது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். வெளியில ஒருத்தர் கண்ணுல காட்டினதில்லை. மூணாவது மனுஷிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மனுஷிக்கு என்றாள் மாமி. அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. சுவரில் தொங்கிய படம் ஒன்று சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. அதன் ஆணியில் காய்ந்த பூச்சரம் அப்படியே இருந்தது.

"மூணு வாரமா அந்த முகத்தைப் பார்க்க முடியலை எனக்கு. முப்பத்தஞ்சு வருஷம் இந்த ஆத்துல ரெண்டே பேர். இப்போ ஒருத்தி. அவர் எனக்கு உண்மையா இருந்தாரா இல்லையான்னு தெரிஞ்சாத் தேவலை. இல்லைன்னாலும் சொல்லிடுங்கோ. தெரியாம இந்த ஆத்துல ராத்திரியைக் கழிக்கறதுதான் முடியலை."

ஆல்பத்தை அவளே துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். வீட்டில் அது இருப்பதே அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தோன்றியது.

*

ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிய பஸ் மாம்பழச் சாலையைத் தாண்டும்போது ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. சகாயநாதன் ஆல்பத்தை மடியில் விரித்து ஒவ்வொரு டிக்கெட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஐந்தாவது பக்கத்தில் அவர் புருவம் சுருங்கியது. பத்தாவது பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லதம்பி, கொட்டகை வாசல்ல டிக்கெட் எப்படிக் கிழிப்பான்?"

"இப்படி சார்." நல்லதம்பி தன் பஸ் டிக்கெட்டை இடது கையில் பிடித்து வலது கையால் சரக்கென்று கிழித்துக் காட்டினான்.

"ஓரத்தைப் பார். தாள் உரிஞ்சு வெள்ளையா ஒரு நூல் தெரியுதா? எந்தப் பக்கம்?"

"பின்பக்கம்."

"இப்ப கையை மாத்திக் கிழி." சகாயநாதன் தன் டிக்கெட்டையும் கொடுத்தார். நல்லதம்பி வலது கையில் பிடித்து இடது கையால் தடுமாறிக் கிழித்தான். வெள்ளை நூல் முன்பக்கம் தெரிந்தது.

"இந்த ஆல்பத்துல இருபத்து மூணு டிக்கெட். பத்து வருஷம். சேப்பாக்கத்துல சிலது, கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துல சிலது. கேட்டுல நிக்கிறவன் வருஷா வருஷம் மாறுவான். ஆனா அத்தனையிலும் வெள்ளை முன்பக்கம். அத்தனையையும் கிழிச்சது ஒரே கை. இடது கை."

நல்லதம்பி வாயைப் பிளந்தான். அந்த நேரம் பார்த்துக் காவிரிப் பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார்.

"டிக்கெட்!"

நல்லதம்பி உள்ளங்கையை விரித்தான். நான்கு துண்டுகள்.

"என்னய்யா இது?"

"ரெண்டு டிக்கெட்டுங்க. ஒண்ணு வலது, ஒண்ணு இடது."

முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவரிடம் இதே கேள்வியைக் கேட்டவர் சகாயநாதன். வாழ்க்கையில் முதல் முறையாக டிக்கெட் இல்லாத பயணியாக நின்று முழிக்க வேண்டியதாயிற்று. துண்டுகளை ஒட்டவைத்து நம்பர் காட்டி, கண்டக்டர் சாட்சி சொல்லி, பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்து முடிப்பதற்குள் மலைக்கோட்டை வந்துவிட்டது.

*

முஜிபுர் ரஹ்மான் கடை மூன்று பேர் நின்றால் நிரம்பிவிடும். ராஜா தலை நாணயங்களுக்கும் தபால்தலைப் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு ரேடியோ இருந்தது. பாய் கிரிக்கெட் வெறியர். வர்ணனை ஓடும் நாளில் கடையில் வியாபாரம் நடக்காது என்பது கடைவீதி முழுக்கத் தெரியும்.

ஆல்பத்தை அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க உதடு பிதுங்கியது.

"என்ன பெறும் பாய்?" என்றார் சகாயநாதன்.

"எல்லாம் சேர்ந்து ஐம்பது ரூபா. அதுவும் இந்த முதல் டிக்கெட்டுக்காக. ஐம்பத்திரண்டு பிப்ரவரி, சேப்பாக்கம். இந்தியா முதன்முதலா ஜெயிச்ச டெஸ்ட். பம்பாய்ல இதுக்குன்னே அலையறவங்க ரெண்டு பேர் எனக்குத் தெரியும்." லென்ஸ் தேதிக்கு வந்து நின்றது. "யா அல்லாஹ். ஏழாந்தேதி!"

"அதுக்கென்ன?"

"ஏழாந்தேதி ஆட்டமே கிடையாதுங்க! இங்கிலாந்து ராஜா மவுத்தாப் போன சேதி ஆறாந்தேதி சாயங்காலம் வந்துச்சு. ஏழாந்தேதி ஆட்டத்தை நிறுத்திட்டாங்க. எட்டாந்தேதிதான் மறுபடி ஆடினாங்க. கீழே என்ன எழுதியிருக்கு படிங்க."

நல்லதம்பி மாமியின் மணி மணியான கையெழுத்தைப் படித்தான். "'7-2-52. முழு நாளும் ஆட்டம். வெயில் கடுமை. மறுநாள் காலை ஆத்துக்கு வந்தார்.'"

"ஏழாந்தேதி டிக்கெட்டை எட்டாந்தேதி செல்லும்னு விட்டிருக்கலாம். ஆனா எட்டாந்தேதி காலையில மனுஷர் ஸ்ரீரங்கத்துல காபி குடிச்சிருக்கார்" என்றார் சகாயநாதன்.

"அப்ப காலி கிரவுண்டுல தனியா உக்கார்ந்து வெயில் காஞ்சாரா?" என்றான் நல்லதம்பி.

"இல்லப்பா. அவர் அந்த கேட்டுப் பக்கமே போகலை. அதைவிட, கிரிக்கெட் மேல ஆசை உள்ள எவனும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டான். பத்து வருஷத்துல ஒரு நாளாவது அது உறைச்சிருக்கும். இவருக்கு உறைக்கவே இல்லை. மாமி வீட்டுக்காரர் அழகியமணவாளனுக்கு கிரிக்கெட்டே தெரியாது."

பாய் எழுந்தார். லுங்கியை இறுக்கிக் கட்டினார். "யார் வாங்குறதுன்னு நீங்க கேப்பீங்க. பேர் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நான் அசர் தொழுதுட்டு வரேன். மேஜை மேல ஒரு கவர் கிடக்கு. காத்துல பறந்துடாமப் பார்த்துக்குங்க."

அவர் தலை மறைந்ததும் கவர் காற்றில் பறக்காமல் இருக்க சகாயநாதன் அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டார். உள்ளே, ஆல்பத்தை அடையாளம் பார்க்க என்று ஒரு சின்னக் காகிதத் துண்டு. அரை டிக்கெட்டின் மறுபாதி. ஐம்பத்திரண்டு, பிப்ரவரி ஏழு. ஆல்பத்துத் துண்டின் பக்கத்தில் வைத்தார். பல்லுக்குப் பல் பொருந்தியது.

"சார், கேட்டுல கிழிக்கிற பாதி குப்பைக்குத்தான் போகும். நான் பார்க்காத குப்பையா! அதைப் பத்து வருஷம் ஒருத்தன் வெச்சிருந்தான்னா..."

"வெச்சிருந்தான்னா கிழிச்சவனே அவன்தான்."

நல்லதம்பி கவரைத் திருப்பினான். அனுப்புநர் இடத்தில் கோணல் மாணல் இல்லாத எழுத்து: மயிலம்மாள், உப்பிலியபுரம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போச்சு. மாமி சொன்ன மூணாவது மனுஷி" என்றான் நல்லதம்பி. அன்று முதல் முறையாக அவன் குரலில் கேலி இல்லை.

*

துறையூர் போய் பஸ் மாறி உப்பிலியபுரம் இறங்கும்போது மறுநாள் நாலு மணி. பச்சைமலைப் பக்கமிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. விசாரித்ததில் தெருக்கோடி ஓட்டு வீட்டைக் காட்டினார்கள்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்கு முப்பது வயதுக்கு மேல் இராது. "மயிலம்மாள்னா நான்தாங்க. உள்ளே வாங்க" என்றாள். அழகியமணவாளன் என்ற பெயரைச் சொன்னதும் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். கண் நிறைந்துவிட்டது.

"அவர் இங்கே வருவாரா?" என்றார் சகாயநாதன். கேட்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"மெட்ராஸ்ல மேட்ச்சு நடந்தா வருவாங்க. கொஞ்சம் இருங்க. எங்க வீட்டுக்காரங்க பள்ளிக்கூடம் விட்டு வர நேரம்தான். அவங்களே சொல்லட்டும்."

சொல்லிவைத்தாற்போல் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் வேட்டி கட்டிய பள்ளிக்கூட ஆசிரியர். நெற்றியில் ஒன்றுமில்லை, ஆனால் அந்த மூக்கையும் தாடையையும் சகாயநாதன் நேற்றுத்தான் குமுதவல்லி மாமி முகத்தில் பார்த்திருந்தார். இடது கை விரல்களில் சாக்கட்டித் தூள் படிந்திருந்தது.

"நீங்க அவங்க பிள்ளை" என்றார் சகாயநாதன்.

"பராங்குசன். பிள்ளையா இருந்தேன் சார். ஐம்பத்தொண்ணுல இவளை ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். அம்மா அன்னிக்கே எனக்குத் தலைமுழுகிட்டா. எனக்குப் பிள்ளையே பிறக்கலைன்னு சொல்லிட்டா. அப்பா ஒரு நாளும் அம்மா பேச்சைத் தட்டினவர் இல்லை. பேசாம நின்னார்."

மயிலம்மாள் ஒரு சாக்பீஸ் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் இருபத்திரண்டு அரை டிக்கெட்டுகள். இருபத்து மூன்றாவதுதான் பாய் கடையில் இருந்தது.

"அந்த முதல் தடவை அப்பா நிஜமா மெட்ராஸுக்குத்தான் கிளம்பியிருக்கார். கூட வேலை பார்த்த ஒருத்தர் மாத்தலாகிப் போய் ஆசையா டிக்கெட் வாங்கி அனுப்பினாராம். ஜங்ஷன்ல ரயில் வந்து நின்னுதாம். ஏறக் கால் வரலையாம். விடிஞ்சதும் துறையூர் பஸ்ஸைப் பிடிச்சு இங்கே வந்துட்டார். வாசல்ல நின்னார். என்ன பேசறதுன்னு அவருக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. கையில இருந்த டிக்கெட்டை நீட்டினார். 'இதுக்கு உள்ளே விடுவியாடா'ன்னார்."

பராங்குசன் டப்பாவிலிருந்து ஒரு பாதியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நான் வாங்கிக் கிழிச்சேன். ஒரு பாதியை அவர்கிட்டே குடுத்தேன். உள்ளே போங்க சார்னேன். அந்த நண்பர் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் டிக்கெட் அனுப்பினார். அதுக்கப்புறம் வரும்போதெல்லாம் அப்படித்தான். வாசல்ல நிப்பார், டிக்கெட்டை நீட்டுவார். ஊருக்குத் திரும்பிப் போய்க் காட்ட அவருக்கும் ஒரு கிழிஞ்ச டிக்கெட் வேண்டியிருந்தது."

"பொய்க்கு ரசீது" என்று முணுமுணுத்தான் நல்லதம்பி. சகாயநாதன் அவன் தொடையைக் கிள்ளினார்.

"அவர் போன சேதி எனக்குப் பன்னிரண்டாம் நாள்தான் தெரிஞ்சுது. காரியம் யாரோ பண்ணியாச்சு. அவர் வேட்டி, அவர் கண்ணாடி எதையும் நான் போய்க் கேட்க முடியாது. அம்மா ஆல்பத்துல ஒட்டி வெக்கறதை அப்பா சொல்லியிருக்கார். அந்தப் பாதிகளாவது வேணும்னு தோணிச்சு. என் பேர்ல எழுதினா அம்மா அடுப்புல போட்டுடுவாளோன்னு இவ பேர்ல எழுதினேன்."

"உங்கம்மா வேற என்னவோ நினைச்சுக்கிட்டு இருக்காங்க" என்று சகாயநாதன் மெதுவாகச் சொன்னார். திருப்பி மாட்டிய படத்தைப் பற்றியும் சொன்னார்.

பராங்குசன் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் முடிவில் மாறவில்லை. "இதைச் சொன்னா மட்டும் என்ன சார்? பத்து வருஷம் தன்னை ஏமாத்தினார்னுதானே ஆகும்? உங்க வாயால என் பேர் வரக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

சகாயநாதன் பண்ணிக் கொடுத்தார். வேறு வழி தெரியவில்லை.

*

மேலப்புதூரில் சகாயநாதனின் வீட்டை அவரேதான் பூட்ட வேண்டும், அவரேதான் திறக்க வேண்டும். மறுநாள் காலை காபி போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தார். எதிரே இந்த வருஷத்து ரயில்வே பாஸ் கிடந்தது. ஓய்வு பெற்றவருக்கு இலவசம். 'தமக்கும் மனைவிக்கும்' என்று அச்சடித்திருந்தது. மனைவி அமிர்தம் போய் ஆறு வருஷம். ஆபீஸில் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். அவர் சொல்லவில்லை. பாஸை உபயோகிக்கவும் இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் போய் நிற்க அவருக்கு ஒரு வாசல் கிடையாது. அழகியமணவாளன் கொடுத்துவைத்தவர் என்று தோன்றியது. பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த நினைப்பிலேயே ஒரு வழி தெரிந்தது. அவர் வாயால் பெயர் வரக்கூடாது என்பதுதானே சத்தியம்? டிக்கெட் சத்தியம் எதுவும் பண்ணவில்லையே!

*

ஸ்ரீரங்கத்தில் மாமி அவர்களுக்கு முன்னால் வந்து நின்றாள். உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"யார் அவ?"

"யாருன்னு நான் சொல்ல முடியாது மாமி. வாக்குக் குடுத்திருக்கேன். டிக்கெட் என்ன சொல்லுதோ அதை மட்டும் சொல்றேன்." சகாயநாதன் ஆல்பத்தைத் திறந்தார். "உங்க வீட்டுக்காரர் ஒரு மேட்ச்சும் பார்க்கலை."

மாமி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்த இருபத்து மூணும் ஸ்டேடியத்துல கிழிஞ்சது இல்லை. ஒரே வீட்டு வாசல்ல, ஒரே ஆள் கிழிச்சது. இதோ பாருங்க, வெள்ளை ஓரம் முன்பக்கம் இருக்கு. அத்தனையிலும் அப்படித்தான். கிழிச்சவர் இடது கைக்காரர்."

மாமி கண்ணைத் திறந்தாள். ஆல்பத்தைப் பார்த்தாள். அவளுடைய வலது கையின் இரண்டு விரல்கள், அன்று நல்லதம்பியை அடித்த அதே இரண்டு விரல்கள், தானாக உயர்ந்து நின்றன.

தூணோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். முதல் டிக்கெட்டின் வெள்ளை ஓரத்தைத் தடவினாள்.

"சாதத்துல கை வெச்சா அடிப்பேன். பலப்பம் எடுத்தா அடிப்பேன். துணியால பின்னாடி கட்டியே போட்டிருக்கேன். பெருமாள் பிரசாதத்தை ஒரு தரம் அந்தக் கையால வாங்கிட்டான்னு சூடு இழுத்தேன். பன்னிரண்டு வயசு வரைக்கும் அடிச்சேன். மாத்திட்டேன்னுதான் நினைச்சிண்டிருந்தேன்." நிமிர்ந்தாள். "மாறவே இல்லையா?"

சகாயநாதன் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"மாறலைங்க மாமி. போர்டுலகூட அந்தக் கையாலதான் எழுதுறாரு போல" என்றான் நல்லதம்பி. அவன்தான் எந்தச் சத்தியமும் பண்ணவில்லையே!

மாமி அழுவாள் என்று சகாயநாதன் எதிர்பார்த்தார். அவள் எழுந்து நேரே சுவரிடம் போனாள். படத்தைத் திருப்பினாள். ஒல்லியான, சாதுவான ஒரு மனிதர் அவளைப் பார்த்தார்.

"வெயில் கடுமைன்னு எழுதச் சொன்னேளே!" என்று படத்தைப் பார்த்துக் கத்தினாள். "என் கையாலேயே எழுத வெச்சேளே! என் கையாலேயே ஒட்ட வெச்சேளே! ஒரு தரம், ஒரே ஒரு தரம் என்னையும் வான்னு கூப்பிட்டிருக்கப்படாதா? அடிச்சா விரட்டியிருப்பேன்? நானும் ஒரு டிக்கெட்டைத் தூக்கிண்டு வந்திருக்க மாட்டேனா?"

அப்போதுதான் அழுதாள். பத்து வருஷம் இந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பிள்ளைக்காகத் தனித்தனியாக ஏங்கியிருக்கிறார்கள். ஒருவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார். மற்றவள் அந்த டிக்கெட்டை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதைவிடப் பெரிய தனிமையை சகாயநாதன் தம் வீட்டில்கூடப் பார்த்ததில்லை. அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெகு நேரம் கழித்து மாமி முகத்தைத் துடைத்தாள். "இதுக்கு என்ன விலை பெறும்னு பார்த்தேளா?"

"சேகரிக்கிறவங்களுக்கு ஒண்ணும் தேறாது. கேட்டுல கிழியாத டிக்கெட் செல்லாத டிக்கெட். மறுபாதி வெச்சிருக்கிறவருக்கு மட்டும்தான் இதுக்கு மதிப்பு."

"அப்போ பாய் கடைக்கெல்லாம் குடுத்தனுப்ப மாட்டேன். வேணுங்கறவனை நேர்ல வந்து பேரம் பேசச் சொல்லுங்கோ. மத்த பாதி அத்தனையும் கொண்டு வரணும். பசை நான் காய்ச்சி வெக்கறேன்."

நல்லதம்பி தொண்டையைச் செருமினான். "ஒரு டிக்கெட்டா மாமி, ரெண்டு டிக்கெட்டா?"

மாமி அவனை முறைத்தாள். முறைப்பு மெல்லக் கரைந்தது. வெகு நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ பேர் என்னவோ மயில்னு வருமே. அவளுக்குக் காபியா, பாலான்னு கேட்டுண்டு வாங்கோ" என்றாள்.

உள்ளே போய் இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள். நல்லதம்பியின் வலது கையில் குடை, கக்கத்தில் துணிப்பை. பழைய ஞாபகத்தில் அவசர அவசரமாகக் கை மாற்றப் போனான். பை நழுவியது, குடை விழுந்தது.

"இருக்கட்டும். எந்தக் கைன்னா என்ன? வாங்கிக்கோ" என்றாள் மாமி.

நல்லதம்பி இடது கையால் டம்ளரை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.